தொட்டி – ஒன்று

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உதவிப் பொறியாளர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என் பழைய அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நல்ல வார்த்தை சொல்லும் மனநிலையில் நான் இல்லை. போன வாரம் கெலமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. அதுதான் காரணம். போனில் என்ன சொன்னார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நான் செய்த ஒரு தப்பை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாகத் தாங்கள் கட்டிய பாலத்தைப் பற்றியும் வாங்கிய பாராட்டைப் பற்றியும் எழுதுவார்கள். நான் எழுதப்போவது, இடிக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போட்ட ஒரு வீட்டைப் பற்றி.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். ஓசூருக்கு மாற்றலாகி வந்து மூக்கண்டப்பள்ளியில் ஒரு வாடகை வீட்டில் சாமான்களை இறக்கியபோது, ஒரு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். முப்பது வருடம் ஓடிப்போனது. இந்த முப்பது வருடத்தில் பால்காரரிடம் பேசும் அளவு கன்னடமும், காய்கறிக்காரரிடம் பேசும் அளவு தெலுங்கும் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை என்று நினைத்தேன். எல்லோரும்தான் என்னிடம் தமிழில் பேசினார்களே. அவர்கள் பேசும் தமிழில் பாதிச் சொற்கள் என் ஊர்ச் சொற்கள் அல்ல என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் அலைந்து அளவெடுத்தவன் என்று மார்தட்டிக்கொள்வேன். காதைத் திறந்து வைத்துக்கொண்டு அலைந்தேனா என்றால் இல்லை.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது இது நடந்தது. அந்த வருடம் ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. எங்கோ ஓர் ஊரில் மண் சுவர் இடிந்து ஆட்கள் செத்துப்போனார்கள். செய்தி வந்ததும் மேலே இருப்பவர்களுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. மாவட்டத்தில் உள்ள பழுதான மண் சுவர் வீடுகளை எல்லாம் உடனே பார்த்து, ஆபத்தானவை எவை என்று பட்டியல் கொடுக்க வேண்டும். ஆபத்தானது என்று எழுதினால் இரண்டு நாள் நோட்டீஸ், அதற்குப் பிறகு ஜேசிபி. என்னிடம் வந்த கட்டு நிறையப் படிவங்கள். ஒவ்வொன்றிலும் 'சுவர் வகை' என்று ஒரு வரி, அதன் கீழே சிமெண்ட், செங்கல், கல், மண் என்று நாலு கட்டம். 'கூரை வகை' என்று இன்னொரு வரி. ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அந்த வீட்டை எது தாங்கி நிற்கிறது என்று கேட்க அந்தப் படிவத்தில் ஓர் அங்குல இடம் இல்லை. எழுதியவருக்குச் சுவர்தான் வீடு. எனக்கும் அப்படித்தான். நாலு சுவருக்குள் நடப்பது என்றுதானே நாம் வீட்டு விஷயத்தைச் சொல்கிறோம். எங்கள் ஊரில் சுவர்மேல் உத்திரம் உட்காரும், சுவர் போனால் வீடு போச்சு.

அந்த வீடு கெலமங்கலத்திலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் வழியில் உள்ளே தள்ளி இருந்தது. வீட்டுக்காரர் பெயர் மஞ்சுளா. நாற்பது வயது இருக்கும். கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், ஷிப்ட் வேலை. நிலம், மல்பெரித் தோட்டம், பட்டுப்புழு எல்லாம் இந்த அம்மாவின் பொறுப்பு. நாட்டு ஓடு வேய்ந்த பெரிய வீடு. வடக்குப் பக்கம் பத்தடி நீளத்துக்கு மண் சுவர் சரிந்து வெளியே விழுந்து கிடந்தது. நான் அன்றைக்குப் பார்த்த பதினோராவது வீடு அது. செருப்பில் இரண்டு கிலோ சேறு. மத்தியானச் சாப்பாடு ஜீப்பிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. சுவர் விழுந்ததை ஒரு பெரிய விஷயமாகவே சொல்லவில்லை.

"செவுரு போவும், வரும் சார். அதுக்கெல்லாம் வூடு அசையாது. மழ நின்னா மண்ணு கொழச்சு வெச்சுக்குவோம். நடுவுல தொட்டி இருக்குது, உள்ள வந்து பாருங்க."

உள்ளே போய்ப் பார்த்தேன். நாலு பக்கமும் தாழ்வாரம். நடுவில் தரையைவிட இரண்டடி தாழ்வாகக் கல் பாவிய ஒரு சதுரம். விழுந்த சுவரின் மண் போய் ஜலதாரையை அடைத்துக்கொண்டதால் அதில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் நின்றது. தொட்டி என்று அந்த அம்மா சொன்னார். தண்ணீர் இருந்தது. நான் எழுதினேன்: 'தொட்டி – ஒன்று. கல் கட்டு. நீர் தேங்கியுள்ளது. வீட்டின் மையத்தில் தண்ணீர்த் தொட்டி இருப்பதால் மண் சுவர்களின் அடிப்பாகம் நிரந்தரமாக ஈரத்தில் உள்ளது. மீதிச் சுவர்களும் எந்நேரமும் சரியலாம்.' சுவர் வகையில் 'மண்' என்ற கட்டத்தில் டிக். குறிப்பில் 'இடிக்கப் பரிந்துரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விழுந்த இடத்தைக் கைபேசியில் படம் எடுத்து, 'சேதமடைந்த சுவர்' என்று கீழே போட்டு இணைத்தேன். மொத்தம் இருபது நிமிடம்.

இடிப்பார்கள் என்று தெரிந்ததும் அந்த அம்மாவின் முகம் மாறியது. அப்போதுகூட வீட்டைப் பற்றி என்னோடு வாதாடவில்லை. நான் ஏதோ அடுத்தவர் வீட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்தார் போல. புழு பழுக்கிற நேரம், இன்னும் ஐந்து நாளில் கூடு கட்டிவிடும், இப்போது தட்டுகளை இடம் மாற்றினால் அத்தனையும் செத்துப்போகும், ஐந்து நாள் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். பட்டுப்புழு பழுப்பது என்றால் இரை தின்று முடித்துக் கூடு கட்டத் தயாராவது. அதுவும் எனக்கு அன்றைக்குத் தெரியாது. உயிர் பெரிதா புழு பெரிதா என்று கேட்டேன். கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிச் சோற்றைப் பிசைந்தேன்.

மூன்றாம் நாள் காலை எங்கள் வரைவாளர் என் மேசைக்கு வந்து நின்றார். அறிக்கைகளின் நகலைக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலை. கெலமங்கலத்துக்காரர், வீட்டில் கன்னடம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் சொல்லவில்லை. வரைபடத்தில் ஒரு கோடு தப்பாக இருந்தால் யார் போட்டது என்று பார்க்காமல் திருப்பி அனுப்புகிறவர். அதனால் பலருக்கு அவரைப் பிடிக்காது. எனக்கும் சில நாள் பிடிக்காது.

"சார், இந்த வூட்ல தண்ணி தொட்டின்னு எழுதிருக்கீங்களே, நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன், தண்ணீர் நின்றது, அந்த அம்மாவே தொட்டி என்றுதான் சொன்னார் என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்க பக்கம் தொட்டின்னா முத்தம் சார். நாலு பக்கம் வூடு, நடுவுல வானம். தொட்டி மனைன்னு சொல்லுவோம். அப்டி கட்டன வூடு செவுத்து மேல நிக்காது. கம்பத்து மேல நிக்கும்."

பிறகு என் அறிக்கையில் நான் இணைத்த படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். சுவர் விழுந்த இடத்தில், நட்ட நடுவில், ஒரு மரக் கம்பம் நிமிர்ந்து நின்றது. அதன் தலையில் உத்திரம். உத்திரத்தின் மேல் ஓடு. ஓர் ஓடுகூட நழுவவில்லை. மண் சுவருக்குள் புதைந்திருந்த கம்பம், சுவர் விழுந்ததால் வெளியே தெரிந்திருக்கிறது. நான் அதைப் படம் எடுத்து, அதன் கீழே 'சேதமடைந்த சுவர்' என்று எழுதியிருக்கிறேன். எனக்கு எதிரான சாட்சியை நானே கூட்டி வந்து கூண்டில் ஏற்றி, என்ன சொல்கிறது என்று கேட்காமல் அனுப்பியிருக்கிறேன்.

நோட்டீஸ் காலம் அன்றைக்குத்தான் முடிந்தது. மேலதிகாரிக்குப் போன் போட்டேன். என் அறிக்கை தப்பு, நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. என் மேல் அக்கறையோடுதான் பேசினார். அந்த அக்கறை எனக்கு இன்னும் எரிகிறது.

"மண் வீடுதான சார், எப்படியும் ஒருநாள் விழப்போகுது. மேல போன ரிப்போர்ட்ட வாபஸ் வாங்குனா பதினேழு பி போட்டுருவாங்க. எட்டு மாசம் இருக்கு உங்களுக்கு. பேசாம இருங்க."

பதினேழு பி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் உலை வைக்கிற துறை நடவடிக்கை; இன்னும் தெரியாதவர்கள் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் நான் பேசாமல்தான் இருந்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் என் மனம் எத்தனை சமாதானம் கண்டுபிடித்தது தெரியுமா. பழைய வீடு, கறையான் அரித்திருக்கும், நாளைக்கே விழுந்தால் யார் பதில் சொல்வது, புதுவீட்டுக்கு உதவி கிடைத்தால் அவர்களுக்கும் நல்லதுதானே. எல்லாம் நியாயமாகவே கேட்டது. நம் தப்பைப் பூசி மெழுக நமக்கு வரும் காரணங்கள் எப்போதும் அடுத்தவர் நன்மைக்காகவே இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? வரைவாளர் அதற்குள் கைப்பையை எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் நின்றார். ஜீப் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அவர் பின்னால் உட்கார்ந்து, கிரானைட் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே, ஹெல்மெட் இல்லாமல் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜேசிபி மூன்று பக்கச் சுவரை எடுத்துவிட்டிருந்தது.

வீடு நின்றது. இதை நான் எப்படிச் சொல்வது? சுவர் இல்லாத ஒரு வீடு, ஓட்டுக் கூரையோடு, எதுவும் நடக்காதது போல நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கம்பங்களுக்கு இடையே அந்தப் பக்கத்துக் கொள்ளு வயல் தெரிந்தது. ஊர் முழுக்க வெளியே நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. இடிப்பை மேற்பார்வை பார்க்க வந்த அலுவலர் குடைக்குக் கீழே கோபமாக நின்றார். ஜேசிபி ஓட்டுநர், பர்கூர்க்காரர், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"செவுரு அவ்ளோத்தையும் தள்ளிட்டன் சார். மேல ஒரு ஓடு கூட ஒடையல. இத இடிக்கணும்னா எனக்கே மனசு வரல."

கொஞ்சம் தள்ளிச் சாலையோரம் ஒரு லாரி நின்றது. பழைய மரம் வாங்குகிற வியாபாரி. காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாராம். என்னைப் பார்த்ததும் ரொம்ப மரியாதையாக, மொத்தம் முப்பத்தாறு கம்பம் சார், அத்தனையும் ஆச்சா மரம், பெங்களூர் ரிசார்ட்டில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள் என்றார். என் அறிக்கையில் ஒரு கம்பம்கூட இல்லை. அரசாங்கம் சம்பளம் கொடுத்து, ஜீப் கொடுத்து அனுப்பிய பொறியாளனுக்குத் தெரியாதது, இடிந்த வீட்டில் மரம் பொறுக்க வந்தவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை அவர் மேல் காட்ட ஒரு வினாடி வாய் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அவர் என்ன தப்பு செய்தார்?

மஞ்சுளா எங்கே என்று பார்த்தேன். மூங்கில் தட்டுகளை ஒவ்வொன்றாக வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். தட்டுகளில் புழுக்களின் மேல் செம்மண் தூசி படிந்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

இங்கேதான் கவனமாகப் படியுங்கள். என் தப்பை நான் ஒப்புக்கொண்டால் போதும், கதை முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். முடியவில்லை. வடமேற்கு மூலைக் கம்பத்தில் ஜேசிபியின் வாளி பட்டிருந்தது. இடுப்பு உயரத்தில் நீளமாகப் பிளந்து, வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அதன் தலையில் இரண்டு உத்திரங்கள் வந்து சேருகின்றன. இப்போது நான் நிறுத்து என்று சொல்லி, ஒரு மணி நேரத்தில் அந்த மூலை சரிந்து யாராவது அடிபட்டால், நான் ஆளைக் கொன்றவன். இடி என்று சொன்னால் என்னை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கையில் இருக்கும் காகிதம் இடி என்றுதான் சொல்கிறது. அலுவலர் அதைத்தான் என்னிடம் நீட்டினார். சங்கிலி கட்டிக் கம்பங்களை இழுத்துவிடலாம், உங்கள் கையெழுத்துதானே என்றார்.

எல்லோரையும் நாற்பதடி தள்ளிப் போகச் சொன்னேன். வரைவாளரிடம் நூலும் அவருடைய வீட்டுச் சாவியும் வாங்கி, நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தனியாக உள்ளே போனேன். கம்பம் கம்பமாக நூல் பிடித்துப் பார்த்தேன். மூலைக் கம்பத்தைத் தவிர முப்பத்தைந்தும் செங்குத்தாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. மண்ணில் புதைக்காமல் கல்லில் நிறுத்தியதால் ஈரமும் கறையானும் மேலே ஏறவில்லை. அறிக்கையில் நான் பயமுறுத்திய ஈரம், அந்த வீட்டைக் கட்டியவர்கள் எனக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே யோசித்துத் தீர்த்த விஷயம். எங்கும் ஆணி இல்லை. உத்திரத்தின் நுனியை நாக்கு போலச் செதுக்கி, கம்பத்தின் தலையில் துளையிட்டுச் செருகி, குறுக்கே மரமுளை அடித்திருந்தார்கள். ஒரு பக்கம் பாரம் கூடினால் அந்தப் பிடிப்பு அடுத்த கம்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். மூன்று சுவரை ஜேசிபி தள்ளிய அதிர்ச்சியை அவை தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. மரத்தில் ரம்பத் தடம் இல்லை, வாச்சியால் செதுக்கிய தடம்தான். பாளையக்காரர் காலத்து வீடு என்று ஊரில் சொல்வார்களாம். காலத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. மரத்தை ரம்ப மில்லுக்குக் கொண்டுபோகும் வழக்கம் வருவதற்கு முந்தியது என்று மட்டும் சொல்வேன்.

இன்னொன்றும் பார்த்தேன். ஒவ்வொரு கம்பத்தின் மேல்நுனியிலும் உளியால் கோடுகள் போட்டிருந்தன. இதில் மூன்று கோடு, இதன் மேல் உட்காரும் உத்திரத்திலும் மூன்று கோடு. அடுத்ததில் நாலு, அதன் உத்திரத்தில் நாலு. எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வெளியே வந்து ஜேசிபி ஓட்டுநரிடம், உங்கள் வாளியால் அந்த மூலை உத்திரத்தை அடியிலிருந்து தாங்கிப் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். ஒரு கணம் யோசித்தார். இடிக்க வந்த வண்டியைத் தாங்க வைப்பது அவருக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். வாளிக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை வைத்து, விரல் விரலாக ஏற்றி, உத்திரம் தொடும் இடத்தில் நிறுத்தினார். பிளந்த கம்பம் மெல்ல முனகியதே தவிர, நகரவில்லை. பக்கத்தில் தைலமரக் கம்புகளை முட்டுக் கொடுத்தோம். பிறகு அலுவலர் நீட்டிய அதே காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'முன்பக்கம் உள்ள என் அறிக்கை தவறு. இந்த வீடு சுவர்களின் மேல் நிற்கவில்லை. மரச் சட்டகத்தின் மேல் நிற்கிறது. வீட்டில் தண்ணீர்த் தொட்டி இல்லை. இடிப்பை நிறுத்தவும்.' இதற்கு நீங்கள் பொறுப்பா என்று அலுவலர் கேட்டார். ஏதாவது ஆனால் என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். சொல்லிவிட்டுப் பின்பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். அது வீரம் ஒன்றும் இல்லை, பயம்தான்.

ஓட்டுநரின் மாமன் பர்கூர்க் குவாரியில் வேலி போடக் கல் கம்பம் வெட்டுகிறவராம். போன் போட்டதும் அளவு கேட்டார். கல் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை அந்த ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஹைட்ராலிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பதால் உட்கார்ந்தே இருந்து, அவ்வப்போது ஓர் இழை ஏற்றிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் அவருக்குச் சாப்பாட்டைக் கேபினுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எனக்கு யாரும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கல்லை நிறுத்தி முடிந்ததும் மஞ்சுளாவின் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து சேர்ந்தார். அவர் வீட்டைச் சுற்றி நடந்தார். மஞ்சுளாதான் என் எதிரே வந்து நின்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், முடிக்க விடவில்லை.

"இந்த வூடு எங்க மாமனாரோட முப்பாட்டன் காலத்துல அந்தப் பக்கம் இருந்தது சார், இப்ப கர்நாடகாவுல போச்சே, அங்க. ஊர்ல நோவு வந்து ஜனம் கெளம்புறப்போ, கம்பத்தையெல்லாம் கழட்டி வண்டியில ஏத்திக்கினு வந்தாங்க. செவுத்த விட்டுட்டு வந்தாங்க, வூட்ட எடுத்துக்கினு வந்தாங்க. அது எங்க வூட்டு கொழந்தைக்கு கூட தெரியும். நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லிருப்பன்."

அப்போதுதான் அந்த உளிக் கோடுகள் எனக்குப் புரிந்தன. எந்தக் கம்பம் எந்த உத்திரத்தோடு சேரும் என்று கண்டுபிடித்து மறுபடி கோக்க, தச்சர்கள் போட்ட அடையாளம். வரைவாளரிடம் அதைச் சொல்லத் திரும்பினேன். மஞ்சுளா இன்னும் முடிக்கவில்லை.

"நீங்க வந்து காப்பாத்துனதா இவங்கல்லாம் பேசிக்கிறாங்க. நீங்க வந்துதான் சார் இடிச்சீங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. வேப்பமரத்தடியில் புழுத் தட்டுகள் அடுக்கியிருந்தன. மறுநாள் அத்தனையையும் குழி வெட்டிக் கொட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஐந்து நாள்தான் கேட்டார். உயிர் பெரிதா புழு பெரிதா என்று நான் கேட்ட கேள்வியை அவர் எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஊர் கூடி ஒரு மாதத்தில் சுவர்களை எழுப்பிவிட்டார்கள். எனக்கு மெமோ வந்தது. தவறான அறிக்கை கொடுத்ததற்கு விளக்கம் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான் என்று தயாராக இருந்தேன். கேட்டது வேறு. 'முதல் அறிக்கையில் தொட்டி ஒன்று உள்ளது என்றும், மறு அறிக்கையில் தொட்டி இல்லை என்றும் கண்டுள்ளது. இடைப்பட்ட மூன்று நாட்களில் மேற்படி தொட்டி என்ன ஆனது என்பதை விளக்கவும்.' படித்துவிட்டு மேசையில் அடித்தேன். இடிந்த சுவரைப் பற்றிக் கேள்வி இல்லை. பிளந்த கம்பத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. தொட்டி எங்கே என்பதுதான் அவர்களுடைய கவலை. நான் பதில் எழுதினேன்: 'தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் ஓரத்தில் நின்றுகொண்டுதான் முதல் அறிக்கையை எழுதினேன். அது என்ன என்று கேட்கவில்லை.' கிண்டல் செய்வதாக அதற்கு இன்னொரு மெமோ வந்தது. வரைவாளர் அந்தப் பதிலைப் படித்து, இரண்டாவது வரியில் ஒற்று விட்டுப்போயிருப்பதாகச் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு வருடம் ஒருமுறை அந்த வழியாகப் போவேன். வீட்டுக்குள் போவதில்லை, சாலையில் நின்று பார்ப்பேன். வடமேற்கு மூலையில் மண் பூச்சுக்கு வெளியே அந்தக் கல் கம்பம் கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரியும். முப்பத்தைந்து மரத்துக்கு நடுவே ஒரு கல். அதை நிறுத்தியது நான்தான் என்று யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது.

இப்போது போன வாரம் வந்த போனுக்கு வருகிறேன். உங்களுக்கு இப்போது படிவம் இல்லை, கைபேசிச் செயலி இருக்கிறது. காட்டினார்கள், பார்த்தேன். அழகான நிறம். 'சுவர் வகை', அதே நாலு கட்டம். டிக் அடிக்கிற இடத்தில் விரலால் தொட வேண்டும், அவ்வளவுதான் முன்னேற்றம். போன மாதம் பழைய விவரங்களை எல்லாம் அதில் ஏற்றச் சொல்லி உங்களுக்கு உத்தரவு வந்திருக்கிறது. உங்களில் யாரோ ஒருவர் அந்த வீட்டுக் கோப்பை எடுத்திருக்கிறார். முன்பக்கத்தைப் பார்த்து அப்படியே ஏற்றியிருக்கிறார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகவில்லை. அந்த விவரம் சுகாதாரத்தைக் கவனிப்பவர்களுக்குப் போய், அங்கிருந்து மஞ்சுளாவுக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. வீட்டுக்குள் திறந்த நிலையில் தண்ணீர்த் தொட்டி இருப்பதால் கொசு உற்பத்தியாகிறது, ஏழு நாளில் அதை நிரந்தரமாக மூட வேண்டும்.

இத்தனை வருடத்தில் அவர் எனக்குப் போன் செய்தது அதுவே முதல் தடவை. என் எண்ணை வரைவாளரிடம் வாங்கியிருக்கிறார். நலம் விசாரிக்கவில்லை.

"சார், உங்க தொட்டிய மூடணுமாம். எவ்ளோ பெரிய மூடி வேணும்னு நீங்களே வந்து அளந்து குடுத்துட்டுப் போங்க."

வைத்துவிட்டார். ஏழு நாள் வரும் வியாழக்கிழமையோடு முடிகிறது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் அந்த வீட்டு வாசலில் நிற்பேன், இந்தத் தடவை வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். அந்தக் கோப்பை ஏற்றியவர் யார் என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. அவர் வர வேண்டும். மற்றவர்களும் வரலாம். செயலியை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். மஞ்சுளா உள்ளே விட்டால், அந்தத் தொட்டிக்குள் இறங்கி நடுவில் நின்று தலையை நிமிர்த்திப் பார்ப்போம். மூட வேண்டும் என்று நாம் எழுதிக்கொடுத்தது எதை என்று தெரிந்துவிடும்.